பாசி படியாத பவளம்

காலை ஆறேகாலுக்கு ஜெனோவா கடலுக்குள் இறங்குவாள். ஆறரைக்குள் முதல் கிளையைத் தேய்த்து முடித்திருப்பாள். பதினோரு வருஷத்தில் இது பிசகியதே கிடையாது. காய்ச்சல் என்றாலும் இறங்குவாள். கல்யாண வீடு என்றாலும் இறங்கிவிட்டுத்தான் போவாள். முதுகில் செவுள்பை, இடுப்பில் பாசிப்பை, வலது கையில் மெத்தென்ற ஒரு தூரிகை. தண்ணீரிலிருந்தே மூச்சைப் பிரித்துக் கொடுக்கிற அந்தச் செவுள்பைக்கு மட்டும் வாயிருந்தால், 'தாயே, ஒரு நாளாவது லீவு போடேன்' என்று கெஞ்சியிருக்கும்.

கீழக்கரைக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி அந்த நிழல்வயல் இருந்தது. கடல் மட்டத்தில் வெயிலை மறைக்கும் நிழற்கூரைகள் மிதந்தன. அடியில் குளிர்க்குழாய்கள் ஓடின. இரண்டுக்கும் நடுவில் அறுபது பவளத்தலைகள், வரிசை வரிசையாக, எண் போட்டு. கூரைக்கு வெளியே பவளம் என்று எதுவும் கிடையாது, வெந்த சுண்ணாம்பு மேடுதான். ஜெனோவா பிறக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பதால், அதில் அவளுக்குத் தனியாக வருத்தம் ஒன்றும் இல்லை. இல்லாத அத்தைக்கு யார் அழுவார்கள்?

தலைக்கு ஒரு பெண். கவர்மென்ட் தாளில் 'பவளப் பராமரிப்பாளர், நிலை இரண்டு' என்று இருக்கும். இவர்கள் தங்களைத் தலைவாரி என்று சொல்லிக்கொள்வார்கள். கடல் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து முடிப்பாசி என்று ஒரு சனியன் வந்து பவளத்தின் மேல் படிகிறது. பச்சைத் தலைமயிர் போல நீண்டு, விட்டால் ஒரு மாதத்தில் பவளத்தை மூடி மூச்சடைக்க வைத்துவிடும். அதைத் தினமும் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்ப்பு முடிந்ததும் கண்நண்டு என்கிற சின்னப் பொறி ஒன்று கிளை கிளையாக ஊர்ந்து படம் எடுத்து மதிப்பெண் போடும். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலே மேஸ்திரி கைதட்டுவார். ஜெனோவா வாங்குவது தொண்ணூற்றொன்பது. தூத்துக்குடியிலிருந்து தொண்டி வரை எந்த நிழல்வயலில் புதுப்பெண் சேர்ந்தாலும், முதல் நாள் காட்டுகிற பயிற்சிப் படத்தில் தேய்ப்பது ஜெனோவாவின் கைதான்.

அவளுடைய தலை பத்தொன்பதாம் எண், மான்கொம்புப் பவளம். அதற்குள், மூன்று வருஷத்துக்கு முன் கொண்டுவந்து விட்ட சந்தன உளுவை இரண்டு குடியிருந்தன. சுண்டுவிரலின் மேல்கணு அளவு, அவ்வளவுதான் மீன். பெரிய மீனுக்கு ஒரு பாறை போனால் இன்னொரு பாறை. இந்தப் பிடிவாதக் கழுதைக்கு மான்கொம்பு தவிர வேறெதுவும் ஆகாது. அதுவும் ஒரு கொம்புக்குள் புகுந்தால் சாகும்வரை அதே கொம்பு. உலகத்திலேயே இந்த இரண்டுதான் மிச்சம்.

தேய்த்து முடித்ததும் கொம்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து, தொண்டையில் கட்டியிருக்கும் ஒலிவாங்கியில் சொல்வாள்.

"பத்தொன்பதாம் தலை. உளுவை ரெண்டு. புதுசு இல்ல."

மூன்று வருஷமாக இதே வார்த்தைதான். காலையில் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

புதுசு என்றால் குட்டி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு கொஞ்ச நாள் கடலில் அலைந்துவிட்டு, ஒரு கொம்பைத் தேடி வந்து குடியேற வேண்டும். முப்பத்தாறு பௌர்ணமிக்குள் ஒரு குட்டியாவது குடியேறவில்லை என்றால் அந்த இனத்துக்கு மூடல். இருக்கிற மீனைப் பிடித்து உறைகளஞ்சியத்தில் வைத்துவிட்டு, கூரையையும் குளிரையும் காத்திருக்கும் அடுத்த இனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுமை என்று சொல்லலாம். ஆனால் உலகத்துக் கடல் முழுவதற்கும் நிழல் போட யாரிடம் துணி இருக்கிறது? இந்தக் கரையில் மட்டும் இதுவரை முப்பத்தொரு இனம் மூடியாகிவிட்டது.

போன மாசி மாதம் மூடியது தர்ஷினியின் தலை. ஒன்பதாம் வரிசை, அதுவும் மான்கொம்புதான், மீன் மட்டும் வேறு, வரி உளுவை. தர்ஷினி ஜெனோவாவிடம் வேலை பழகியவள். மூடல் அன்று அவளுக்கு மீனின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்து, எல்லாருக்கும் டீயும் வடையும் கொடுத்தார்கள். தர்ஷினி தேம்பித் தேம்பி அழுதாள். ஜெனோவா பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வடை சாப்பிட்டாள். வடை நன்றாக இருந்தது என்பதுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை. இதற்கு முன்னால் எத்தனை மூடலுக்கு வடை தின்றாயிற்று!

தர்ஷினி இப்போது படகு ஓட்டுகிறாள். இன்ஜினைப் போடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒரே புலம்பல். "ஏக்கா, நான் என்ன குறை வச்சேன்? ஒரு நாள் லீவு எடுத்தேனா?"

"எடுக்கல."

"பின்ன ஏன்க்கா குட்டி வரல?"

"வரலடி. அம்புட்டுத்தான். படகை ஓட்டு."

முப்பத்தைந்தாம் பௌர்ணமிக்கு மறுநாள் மூடல் பிரிவிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? நாற்பது வருஷம் வெள்ளையடிக்காத சுவருக்கு அன்றைக்கு வெள்ளையடிப்பார்கள். கடலுக்குள்ளும் அதே கதைதான். மேஸ்திரி பதறிப்போய், ஆளில்லாமல், ஐந்து மாதமாக மாதம் ஒரு தடவை பேருக்கு மட்டும் தேய்த்ததில் பாசி பிடித்துக் கிடந்த ஒன்பதாம் வரிசைத் தலையை உடனே சுத்தம் பண்ணச் சொன்னார். யாரை அனுப்புவார்? தொண்ணூற்றொன்பதுக்காரியைத்தான்.

தேய்ப்பது ஜெனோவாவுக்கு வேலையே இல்லை. அவள் அம்மா, அம்மாவைப் பெற்றவள், எல்லாரும் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்து விற்றவர்கள். பாசியைக் கண்டால் கை தானாகப் போகும் வம்சம். இரண்டு மணி நேரத்தில் தலை பளிச்சென்று ஆகிவிட்டது. பாசிப்பை நிரம்பி வழிந்தது. ஏறி வந்து படகின் ஓரத்தில் பையை எறிந்துவிட்டு, நிம்மதியாகத் தலையைத் துவட்டினாள்.

வந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். பெயர் ஹஸ்னா, கீழக்கரைப் பிள்ளைதான். மூடல்காரி என்றால் கரையில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அதற்கெல்லாம் பழகிவிட்ட முகம் அது. படகிலேயே உட்கார்ந்து, பத்தொன்பதாம் தலையைச் சுற்றி எடுத்த தண்ணீரைச் சோதனைக் கருவியில் விட்டாள். பார்த்தாள். இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, உங்க மீன் முட்டை போடுதா?"

"அதெல்லாம் நல்லாப் போடும் மேடம். மாசம் தவறாது."

"குஞ்சு தண்ணியில எக்கச்சக்கமா இருக்கே. மூணு வருஷத்துக்கு முந்தி எவ்வளவு இருந்துச்சோ அதே அளவு. உங்க தலையைத் தாண்டித்தான் போகுது. ஏன் ஒண்ணுகூட உள்ள வரல?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்?" என்றாள் ஜெனோவா. "தொட்டியில வளர்க்கக் கூடாதாக்கும்?"

"பார்த்தாச்சுக்கா. பத்தாம் நாள் எல்லாம் செத்து மிதக்குது."

ஹஸ்னாவின் வேலைமுறைப்படி வயலில் எடுத்த பாசியையும் ஒரு பிடி பார்க்க வேண்டும். காலடியில் கிடந்த பையைத் திறந்து வெள்ளைத் தட்டில் கொட்டினாள். இடுக்கியால் பாசியை விலக்கினாள். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு விரலால் விலக்கினாள்.

"அக்கா, இது எங்க எடுத்த பாசி?"

"ஒன்பதாம் வரிசை. ஏன்?"

ஹஸ்னா தட்டைத் திருப்பிக் காட்டினாள். பாசிக்குள் எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சளாக மூன்று கிடந்தன. கருவியின் கண்ணாடி வழியே பார்த்தபோது துடுப்பு தெரிந்தது, கண் தெரிந்தது. சந்தன உளுவைக் குட்டிகள். நேற்றுத்தான் குடியேறியிருக்க வேண்டும். மூன்றும் நசுங்கிச் செத்திருந்தன.

ஜெனோவா கொஞ்ச நேரம் பார்த்தாள். "டீ குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டாள். பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதுதான் அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

படகின் பின்பக்கம் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தர்ஷினிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ஹஸ்னா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். பவளத்தின் மேல் பாசி உரசினால் பவளம் ஒரு வாடையை விடும். அந்த வாடை வந்தால் உளுவை ஓடிவந்து பாசியைக் கடித்துத் துப்பும். வீட்டுக்கு வாடகை மாதிரி. கடலில் அலைகிற குஞ்சுக்கும் அந்த வாடைதான் முகவரி. பாசி இல்லை என்றால் வாடை இல்லை. வாடை இல்லாத பவளமும் சுண்ணாம்புக் கல்லும் அதற்கு ஒன்றுதான், தாண்டிப் போய்விடும்.

"அப்படின்னு நினைக்கிறேன்," என்றாள் ஹஸ்னா. "நிச்சயமாத் தெரியாது."

"செத்தது கணக்கில வராதா?"

"வராதுக்கா. உயிரோட, கொம்புக்குள்ள, கண்ணால பார்க்கணும். இன்னும் ஒரு பௌர்ணமி இருக்கு. இருபத்தெட்டு நாள் தேய்க்காம விடுங்க. ஆனா ஒண்ணு, பாசி கூடிப்போனா பவளமே செத்துரும். அப்புறம் இருக்கிற ரெண்டுக்கும் வீடு இல்ல."

"தேய்க்காம விடவா?"

"ஆமா. நிசமான்னு தெரியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லவும் வேணாம். நான் மேலிடத்துக்கு எழுதறேன். மத்த வயல்லயும் நிறுத்தச் சொல்றேன்."

மேலிடத்திலிருந்து நாலே நாளில் பதில் வந்தது. 'ஆதாரம் அனுப்பவும்.' அவ்வளவுதான். ஆகவே கரை முழுக்க மிச்சமிருக்கும் பதினோரு இனங்களின் தலைகளையும் பெண்கள் பளபளவென்று தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்தொன்பதை மட்டும் யாரும் தேய்க்கவில்லை.

தேய்க்காமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று ஜெனோவாவுக்குத் தெரியாது. ஆறேகாலுக்கு இறங்குவாள். தலைக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்காருவாள். கை பாட்டுக்குத் தூரிகையைத் தேடும். மூன்றாம் நாள் தூரிகையைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்; விரல் நகத்தால் ஒரு இழையைக் கிள்ளிவிட்டாள். அதன் பிறகு இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாம் நாள் கொம்பு நுனியெல்லாம் பச்சை. பத்தாம் நாள் ஆண் உளுவை வெளியே வந்து ஒரு இழையைக் கடித்து இழுத்தது. மூன்று வருஷத்தில் அது அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. செய்ய என்ன இருந்தது அதற்கு, எல்லாவற்றையும் இவளே செய்துகொண்டிருந்தாளே!

கண்நண்டு எழுபது போட்டது, ஐம்பது போட்டது, பிறகு பூஜ்யம் போட்டது. படகில் கிசுகிசு கிளம்பியது. மூடப்போகிற தலைதானே, யார் தேய்ப்பார்கள் என்றார்கள். தொண்ணூற்றொன்பதுக்கு வந்த வாழ்வைப் பாரு என்றும் ஒருத்தி சொன்னாள். ஜெனோவா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தர்ஷினி மட்டும் சொல்லவில்லை. அவள் முகம்தான் நாளுக்கு நாள் சுண்டிப்போனது.

"ஏக்கா, நான் கடைசி நாள் காலைல வரைக்கும் தேய்ச்சேன் தெரியுமா? பிடிச்சுட்டுப் போறவங்க வந்து நிக்கிறாங்க, அப்பவும் தேய்ச்சேன். நீ இப்படி விட்டுட்டியே. நல்லாவா இருக்கு?"

"என் தலை, நான் பார்த்துக்கறேன்."

"மனசு விட்டுப் போச்சுன்னா சொல்லு. நான் தேய்க்கிறேன்."

"தொட்டேன்னா பாரு."

இருபதாம் நாள் அடிக்கொம்புகளில் இரண்டு வெளுக்க ஆரம்பித்தன. ஹஸ்னா வந்து பார்த்து, வெளுத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கத்தரித்துவிட்டு, இனி தொட வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் படகில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து நாளாக மனசில் வைத்திருந்த கேள்வியை ஜெனோவா கேட்டாள்.

"ஹஸ்னாம்மா, இந்தத் தரம் குட்டி வந்துருச்சுன்னு வை. அப்ப நீ சொன்னது நிசம்னு ஆகும்ல?"

"ஆமாக்கா."

"அப்ப முன்னால மூடினதெல்லாம்?"

ஹஸ்னா ஈரத் துண்டைப் பிழிந்தாள். "எல்லாம்னு சொல்ல முடியாது. கொம்புக்குள்ள வாழ்ற மீனு பாதிக்கு மேல இருக்கும். அந்தத் தட்டைப் பார்த்தப்பவே எனக்குத் தோணிருச்சுக்கா. அதுல பதினாலுக்கு மூடல் கையெழுத்து நான் போட்டது."

"தேய்க்கச் சொல்லிக் குடுத்தது நான்," என்றாள் ஜெனோவா.

குட்டி வரவில்லை என்றால் மீன் போச்சு. ஆனால் தூரிகையின் மேல் பழி இல்லை, விதி முடிந்தது என்று வடை தின்றுவிட்டுப் போகலாம். குட்டி வந்தால் மீன் பிழைக்கும், இன்னும் பதினோரு இனம் பிழைக்கும், இவள் கை செய்தது ஊருக்குத் தெரியும். எது வேண்டும் என்று தனக்குள் கேட்டுப் பார்த்தாள். வெட்கங்கெட்ட மனசு ஒரு நொடி வராமலே போகட்டும் என்றது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

இருபத்துமூன்றாம் நாள் காலை தர்ஷினியைக் காணாமல் வேறொரு படகில் வந்து ஜெனோவா இறங்கும்போது பத்தொன்பதுக்கு முன்னால் யாரோ குனிந்திருந்தார்கள். தர்ஷினி! கையில் தூரிகை. கிழக்குப் பக்கத்துக் கொம்புகளில் பாதி ஏற்கெனவே பாசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அக்கா கைவிட்டாலும் நான் விடமாட்டேன் என்று விடியுமுன்பே இறங்கியிருக்கிறாள் பாவி. ஜெனோவா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தொண்டை ஒலிவாங்கி படகுக்கு மட்டும்தான் கேட்கும், தண்ணீருக்குள் ஒருவருக்கொருவர் பேச முடியாது. தர்ஷினி கண்ணாடிக்குள் கண்ணை விரித்து, பாசியைக் காட்டி, மீனைக் காட்டி, என்னவோ கெஞ்சினாள். ஜெனோவா தூரிகையைப் பிடுங்கி ஆழத்தில் எறிந்தாள். மேலே வந்ததும் தர்ஷினி நேரே தன் படகின் இன்ஜினிடம் போய் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது. அன்றிலிருந்து படகில் அவள் ஜெனோவாவின் பக்கம் திரும்பவே இல்லை.

முப்பத்தாறாம் பௌர்ணமிக்கு மறுநாள் படகில் இடமில்லை. ஹஸ்னா இருந்தாள், மேஸ்திரி இருந்தார், மூடல் என்றால் பிடித்துப் போக உறைபெட்டியோடு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். வடைப் பாத்திரமும் வந்திருந்தது. ஆறேகாலுக்கு ஜெனோவா இறங்கினாள்.

கிழக்குப் பக்கம், தர்ஷினி தேய்த்த இடத்தில், ஒன்றுமில்லை. கொம்பு கொம்பாகப் பார்த்தாள். மேற்குப் பக்கம் பாசி தொங்கியது. விரலால் மெல்ல விலக்கினாள். பெரியவை இரண்டும் உள்ளே பதுங்கின. அவை இருந்த இடத்துக்குக் கீழே, கவட்டையில், மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அடுத்த கொம்பில் மூன்று. எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள். ஒன்று பாசி நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.

"பத்தொன்பதாம் தலை," என்றாள். வாய் பழக்கத்தில் பழையதையே சொல்லப் போனது, நிறுத்திக்கொண்டாள். "உளுவை ரெண்டு. புதுசு அஞ்சு."

மேலே வரும்போதே கூச்சல் கேட்டது. ஹஸ்னா படகுத் தரையில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேஸ்திரி யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். உறைபெட்டிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு வடை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நாளாக முகம் கொடுக்காத தர்ஷினி இன்ஜினை விட்டு ஓடிவந்து, சொட்டச் சொட்ட நின்ற ஜெனோவாவைக் கட்டிக்கொண்டாள்.

"ஏக்கா! வந்துருச்சாமே! அஞ்சாமே! எப்படிக்கா? என்ன பண்ணே? மருந்து எதுவும் வச்சியா?"

"ஒண்ணும் வைக்கலடி."

"சொல்லுக்கா, மறைக்காத."

ஹஸ்னா தலை நிமிர்ந்து ஜெனோவாவைப் பார்த்தாள். நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. ஜெனோவா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"தேய்க்காம விட்டேன்," என்றாள் ஜெனோவா. "பாசி இருந்தாத்தான் பவளம் வாடை விடுமாம். அந்த வாடைக்குத்தான் குட்டி வீடு தேடி வருமாம். தேய்ச்சா வராது."

"அதான் அன்னைக்கு என் கையைப் பிடிச்சியா? சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனாக்கா!" தர்ஷினி சிரித்தாள். ஜெனோவாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு உலுக்குவது நின்றது. கை மட்டும் தோளிலேயே இருந்தது. சிரிப்பும் அப்படியே முகத்தில் இருந்தது, எடுக்க மறந்தவள் மாதிரி.

"நான் தெனமும் தேய்ச்சேனேக்கா," என்றாள். "ஆறு வருஷம். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே."

ஜெனோவா அவள் முகத்தைப் பார்த்தாள். எங்கேயும் திரும்பாமல் பார்த்தாள்.

"ஆமாடி," என்றாள். "ஒரு பொட்டுப் பாசி விடல நீ."